அக்கா பாடிய வெள்ளிக்கிழமை

சிவமயம்
உடுவில்,
10-5-1936

என் அன்பு அண்ணைக்கு,

மீனாம்பிகை வணக்கத்துடன் எழுதுவது. நான் விடுதியில் சுகமாயிருக்கிறேன். சனிக்கிழமை வீட்டுக்குப் போய் வந்தேன். அப்பா, அம்மா, அக்கா மூவரும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இந்தக் கடிதத்தில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. வருகிற ஆவணி பிறக்கமுன் காங்கேசன்துறையில் பத்து நாள் சங்கீத விழா வைக்கப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் மாமாதான் காரியதரிசி. மாவிட்டபுரம் திருவிழாவுக்கு வரும் சனம் பின்னேரத்தில் எங்கள் கடற்கரையில் சும்மா இருந்து காற்று வாங்குகிறது, அந்த நேரத்தில் காதுக்கும் ஏதாவது கொடுப்போம் என்பது அவர் யோசனை. கடற்கரைப் பிள்ளையார் கோயில் வீதியில் பந்தல். இந்தியாவிலிருந்து மூன்று வித்துவான்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முன் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் உள்ளூரார் பாடலாம். ஒன்பதாம் நாள், ஓகஸ்ட் பதினாலாந் திகதி வெள்ளிக்கிழமை, அக்காவைப் பாடச் சொல்லி மாமா கேட்டு வந்தார்.

அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ன கதை கதைக்கிறாய் கனகலிங்கம்? எங்கடை வீட்டுப் பெட்டை மேடையிலை ஏறி வாயைத் திறக்கிறதோ?"

"தேவாரம் பாடேக்கை திறக்கிறாள்தானே அண்ணை?"

"அது கோயிலுக்குள்ளை."

"இது கோயில் வீதியிலை. பத்து முழம் வெளியிலை. பிள்ளையாருக்கு அவ்வளவு தூரம் காது கேக்காதோ?"

அம்மா சிரித்துவிட்டார். அப்பாவுக்குக் கோபம் இன்னும் கூடியது. கடைசியில், "சண்முகம் என்ன எழுதுறானெண்டு பாப்பம்" என்று சொல்லி உள்ளே போனார்.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தேங்காய் முடிந்த பிறகும் வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தாள். நான்தான் போய்க் கையைப் பிடித்தேன். அடுத்த தைக்குள் அவளுக்குக் கலியாணம் ஒப்பேற்ற வேண்டுமென்று அம்மா சாதகத்தோடு திரிகிறார். இந்த ஆண்டு பாடாவிட்டால் அக்கா ஒருநாளும் பாட மாட்டாள். நீங்கள் அனுப்பிய இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுப் பாடம் பண்ணினவள் அல்லவா? அப்பாவுக்கு எழுதுங்கள் அண்ணை. உங்கள் சொல்லைத்தான் அவர் கேட்பார்.

உங்கள் தபாலை எதிர்பார்த்து நாளெண்ணும் தங்கை,
மீனாம்பிகை


சிரம்பான், மலாயா,
29-5-1936

பண்டிதர் மீனாம்பிகை அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. அப்பாவுக்கு நாலு பக்கம் எழுதி இதே தபாலில் சேர்த்திருக்கிறேன். கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சியும், வெருட்ட வேண்டிய இடத்தில் வெருட்டியும் எழுதியிருக்கிறேன். உன் அக்கா பாடத்தான் வேண்டும். நான் இந்த ரெயில்வேக் கந்தோரில் ஏழு வருஷமாகப் பேரேட்டில் கோடு இழுக்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவராவது பிறந்த காரியத்தைச் செய்யட்டும்.

ஒரு கவலையான செய்தி. இங்கே பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பங்குனியிலிருந்து இருமல். பின்னேரமானால் காய்ச்சல் காய்கிறது. படியேறினால் இடது பக்க விலாவுக்குள் ஊசி ஏற்றுவது போல நோகிறதாம். மூச்சை முழுதாக இழுக்க முடிவதில்லை. ஆசுப்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நானும் அவருடன் அலைகிறேன். அதனால் இனிமேல் கடிதத்தை என் சிநேகிதன் வின்சன்றின் விலாசத்துக்கு எழுது. வின்சன்றை உனக்குத் தெரியும்: குருநகர்ப் பொடியன், என்னோடு ஒரே கந்தோர், மீன் குழம்பு வைத்தால் அடுத்த தெருவிலிருந்தும் ஆள் வரும்.

பெரியப்பா கடிதமெழுதாத மனிதர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எழுதித் தொந்தரவு செய்ய வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லு.

அம்மாவை வெயிலில் நிற்க விடாதே.

அண்ணை
சண்முகநாதன்


சிவமயம்
உடுவில்,
21-6-1936

அன்புள்ள அண்ணைக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அங்கே பெரியப்பாவுக்குச் சுகம் வர நாங்கள் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறோம்.

வென்றுவிட்டோம்! அப்பா உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். "உவன் அங்கை இருந்துகொண்டு எழுதுவான். இஞ்சை சனத்தின்ரை வாய்க்கு நானெல்லோ பதில் சொல்லவேணும்" என்றார். பிறகு புகையிலைக் கடைக்குப் போகச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். வாசற் படலை மட்டும் போய்த் திரும்பி நின்று, "ஒரு மணித்தியாலம். அதுக்கு மேலை ஒரு நிமிசமும் இல்லை" என்றார். அக்கா கிணற்றடிக்கு ஓடினாள். முகம் கழுவுகிற சாட்டில் அழுதாள்.

இப்போது வீட்டில் ஒரே பயம் பெரியப்பாவைப் பற்றித்தான். அப்பாவின் கூடப்பிறந்த தமையன் அல்லவா? அவருக்கு ஏதும் நடந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டோடு கோயில் வீதியை மிதிக்க முடியாது, அக்காவின் கச்சேரி அவ்வளவுதான் என்று அம்மா பெருமூச்சு விட்டார். அதைக் கேட்ட கனகலிங்கம் மாமா ஒரு பகிடி சொன்னார். போன வருஷம் அவருடைய திருவிழா உபயத்துக்கு முதல்நாள் சிங்கப்பூரிலிருந்து தந்தி வந்ததாம். மாமியின் சின்னம்மா படுக்கையில் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். மாமா தந்தியைப் பிரிக்கவேயில்லை. கூரைக் கிடுகுக்குள் செருகிவிட்டு, உபயத்தை வடிவாக நடத்தி, அஞ்சாம் நாள் எடுத்து வாசித்து ஓவென்று அழுதாராம்.

"காதிலை விழுந்தால்தானே துடக்கு? கூரையிலை கிடந்தால் கூரைக்குத்தான்" என்றார். அப்பாவே சிரித்துவிட்டார்.

அண்ணை, ஒன்று கேட்கட்டுமா? பெரியப்பாவின் நோவைப் பற்றி ஒரு பந்தி எழுதினீர்கள். விலாவுக்குள் ஊசி ஏற்றுவது போல என்பதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினதா? உங்கள் சுகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அதை எழுத வேண்டும்.

பிரியமுள்ள தங்கை,
மீனாம்பிகை


சிரம்பான்,
10-7-1936

பண்டிதர் அவர்களுக்கு,

பேனைக்கு மை இல்லை. அதனால் பென்சில்.

பெரியப்பா அப்படியேதான் இருக்கிறார். பயப்படாதே. விழா முடியுமட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியும் மீறித் தந்தி கிந்தி வந்தால், உன்னிடம் கூரையை விடத் திறமான இடம் இருக்கிறதே! பரிசு வாங்கிய அந்தத் தடித்த அகராதிக்குள் வைத்து மூடிவிடு. அதை உன்னைத் தவிர ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

அக்காவுக்குச் சொல்லு: தோடியை அவசரப்படுத்த வேண்டாம். மேடையில் தண்ணீர் குடிக்க வெட்கப்பட வேண்டாம். பதினாலாந் திகதி ஆறு மணிக்கு நான் இங்கே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

இவ்வளவுதான். கை உளைகிறது.

அண்ணை


சிவமயம்
காங்கேசன்துறை,
5-8-1936

அன்புள்ள அண்ணைக்கு,

ஓகஸ்ட் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாங்கள் நலம். உங்கள் பென்சில் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதில் முதல் வரி மையைப் பற்றியதாக இருந்தது. நான் கேட்ட முதல் வரி அதுவல்ல.

நாளைக்கு விழா தொடக்கம். பந்தலுக்குள் நின்றால் கடல் தெரிகிறது. உப்புக் காற்றில் தம்புராவின் சுருதி இறங்கிக்கொண்டே போகிறதென்று இந்தியாவிலிருந்து வந்த வயலின்காரர் சலித்துக்கொள்கிறார். ஒரு வித்துவான் தங்கக் கொடுத்த வாடிவீட்டில் மீன் மணக்கிறதென்று வெளிக்கிட்டு, எங்கள் வீட்டு முன் அறையில் வந்து இருக்கிறார். அம்மா ஒரு நாளைக்கு ஏழு தரம் கோப்பி போடுகிறார். அவர் அறைக்குள் இருந்து அக்கா பாடுவதைக் கேட்டுவிட்டு, "யார் பிடித்த பாடம் இது?" என்று கேட்டார். கிராமபோன் என்று சொல்ல அக்காவுக்கு வெட்கம். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பெட்டிக்குள்ளிருந்து இவ்வளவு எடுத்தாளா?" என்றார்.

அப்பா ஒன்றும் தெரியாதவர் போல யாழ்ப்பாணம் போய் அக்காவுக்கு நீலக் கரை வைத்த வெள்ளைச் சேலை வாங்கி வந்திருக்கிறார். "கடைக்காரன் மலிவாத் தந்தவன்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் இருந்திருந்தால்! அது ஒன்றுதான் குறை. பெரியப்பாவைக் கவனமாகப் பாருங்கள். உங்களையும்.

மீனாம்பிகை


யேசுவுக்குத் தோத்திரம்
சிரம்பான்,
11-8-1936

கனம் தியாகலிங்கம் ஐயா அவர்களுக்கு,

குருநகர் கிறகோரியின் மகன் வின்சன்ற் மிகுந்த மரியாதையுடன் எழுதுகிறேன். இந்தக் கடிதம் கிடைக்கும்போது சண்முகநாதன் உங்கள் வீட்டில், தாயாரின் கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான் என்று நம்புகிறேன்.

ஐயா, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். நோயாளி உங்கள் தமையனார் அல்ல. அவர் கல்லுப்போல இருக்கிறார். பங்குனியிலிருந்து நோயாய்க் கிடப்பவன் சண்முகநாதன்தான். நெஞ்சில் சயரோகம். ஊருக்குத் தெரிந்தால் தங்கையின் கலியாணப் பேச்சுக் குழம்பும், அதற்கு முன் அவளுடைய கச்சேரியும் நின்றுபோகும் என்று சொல்லி, எழுதக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினான். இனி இங்கே வைத்திருக்க வேண்டாம், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் கப்பலேற்றினேன். திங்கட்கிழமை தந்தி அடித்தேன். வெள்ளி காலை கொழும்பில் இறங்குவான். துறைமுகத்தில் நீங்கள் நிற்பீர்கள் என்று சொல்லித்தான் ஏற்றினேன். "ஆர் நிப்பினமெடா?" என்று இருபது தரம் கேட்டான். "ஐயா நிப்பார்" என்று இருபது தரமும் சொன்னேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கூட வந்திருப்பேன்.

பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. கஞ்சியில் உப்புக் குறைவாகப் போடவும். தலையணை இரண்டு வைத்தால்தான் நித்திரை வரும். பகிடி விடுவான். அதைக் கேட்டுச் சுகமென்று எண்ண வேண்டாம்.

உங்கள் எல்லோரையும் தேவமாதா காப்பாராக.

வின்சன்ற்


காங்கேசன்துறை,
2-9-1936

மதிப்புக்குரிய வின்சன்ற் அண்ணைக்கு,

சண்முகநாதனின் தங்கை மீனாம்பிகை எழுதுகிறேன். உங்கள் கடிதம் ஓகஸ்ட் இருபத்திரண்டாந் திகதி வந்தது. அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கஞ்சியைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் அம்மா எழும்பிப் போய்விட்டார்.

அண்ணை ஓகஸ்ட் பதினைந்தாந் திகதி சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பு ஆசுப்பத்திரியில் இறந்துவிட்டார்.

தந்தி எங்களுக்குப் பிந்திக் கிடைத்தது. சனிக்கிழமை காலையில்தான் அப்பா கையில் வந்தது. காலை ரெயில் போய்விட்டது. கார் பிடிக்க ஓடித் திரிந்தார். எல்லாக் காரும் திருவிழாவுக்கு ஓடின. மெயில் வண்டியில் போய் ஞாயிறு காலை இறங்கினார். துறைமுகத்தில் விசாரித்து ஆசுப்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அங்கே கத்தரீனா என்று மன்னார்ப் பக்கத்துத் தாதி ஒருத்தி இருந்தாளாம். தமிழ் தெரிந்தவள் என்பதால் அண்ணை அவளோடு கதைத்துக்கொண்டே இருந்தாராம். வெள்ளி பகல் முழுவதும் வாசலைப் பார்த்தபடி கிடந்தாராம். பின்னேரமானதும், "ஆறு மணியாச்சோ?" என்று கேட்டாராம். ஆயிற்று என்றதும் முகம் தெளிந்து, "அதுதான் ஒருத்தரும் வரேல்லை. இண்டைக்கு என்ரை தங்கச்சி பாடுறாள். எல்லாரும் அங்கை நிப்பினம். நாளைக்கு வருவினம்" என்றாராம். அப்பா இதை எங்களுக்கு ஒரே ஒரு தரம் சொன்னார். இனிச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

அக்கா வெள்ளிக்கிழமை பாடினாள். நன்றாகப் பாடினாள்.

அப்பா தபால்கந்தோருக்கு எதிராக மனு எழுதியிருக்கிறார். நான்தான் இங்கிலீசில் எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் அண்ணைக்குச் செய்ததற்கு நன்றி சொல்ல எங்களுக்குச் சொல் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நோய் தொற்றும் என்கிறார்கள்.

மீனாம்பிகை


யேசுவுக்குத் தோத்திரம்
சிரம்பான்,
17-9-1936

அன்புத் தங்கச்சி மீனாம்பிகைக்கு,

உன் கடிதத்தைக் கந்தோரில் வைத்துத்தான் பிரித்தேன். பிறகு அன்று வேலை செய்யவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. சுகமாகத்தான் இருக்கிறேன். அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். நீங்கள் சைவக்காரர், குறை நினைக்க வேண்டாம்.

ஓகஸ்ட் ஐந்தாந் திகதி நீ எழுதிய கடிதம் அவன் போன பிறகு இங்கே வந்தது. பிரிக்க எனக்கு உரிமையில்லை. இத்துடன் அனுப்புகிறேன்.

தங்கச்சி, தந்தி பிந்தியது என்று எழுதினாய். அது என் நெஞ்சை அரித்தது. நான் அடித்த நேரம் பிழையோ என்று தந்திக் கந்தோரில் பணம் கட்டி விசாரித்தேன். பதில் வந்திருக்கிறது. ஓகஸ்ட் பதினொராந் திகதி செவ்வாய், முற்பகல் பத்து இருபதுக்குக் காங்கேசன்துறையில் கிடைத்து, பதினொரு மணிக்கு முன் வீட்டில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். அப்படியானால் அந்தத் தந்திப் பியோன் யார்? நாலு நாள் சட்டைப் பையில் வைத்திருந்துவிட்டுப் பொய்க் கையெழுத்து வைத்திருக்கிறான். சண்முகம் துறைமுகத்தில் தனியே கிடந்ததற்கு அவன் பதில் சொல்ல வேண்டும். பதில் கடுதாசியை இத்துடன் வைக்கிறேன். அப்பாவிடம் கொடு. விடவேண்டாம் என்று சொல்லு.

உங்களில் ஒருவனாக,
வின்சன்ற்


உடுவில்,
1-10-1936

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் தொடங்கி மூன்று கிழமை. நான் சாப்பிடுகிறேன், படிக்கிறேன், சுகமென்று எழுதுவதற்கு வேண்டியதெல்லாம் செய்கிறேன். இதை நீங்கள் மட்டும் வாசிக்க வேண்டும்.

தந்திப் பியோன் மார்க்கண்டு அண்ணை பொய் சொல்லவில்லை. தந்தியைச் செவ்வாய்க்கிழமை என் கையில்தான் தந்தார்.

நீங்கள் மேல் அறையில் பாடிக்கொண்டிருந்தீர்கள். அம்மா வீட்டின் பின் கோடிப்புறத்தில் மிளகாய் காயப்போட்டார். மார்க்கண்டு அண்ணை சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, "பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ மோனை?" என்று கேட்டார். நான் பெரியாள்தான் என்று சொல்லி இங்கிலீசில் கையெழுத்து வைத்தேன். அவர் போகவில்லை. "வாசிச்சுச் சொல்லு பிள்ளை. ஆபத்தெண்டால் நான் ஓடிப்போய்க் கடையிலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று வெயிலில் நின்றார். "விழா விசயம்" என்று சொல்லி அனுப்பினேன்.

பெரியப்பா செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. பிரித்தால் துடக்கு. பிரிக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணையே பகிடியாக எழுதியிருந்தார், அகராதிக்குள் வை என்று. வைத்தேன். பெரியப்பாவுக்காகக் கொஞ்சம் அழுதேன். அவரை நான் கண்டதில்லை. அதனால் கனக்க அழுகை வரவில்லை. நாலு நாள்தானே, செத்தவருக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் தோடியை எடுத்தபோது மெயில் வண்டி கூவியது. நீங்கள் கூவல் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். சனம் சிரித்தது. முன் வரிசையிலிருந்த அப்பாவும் சிரித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்தீர்கள். அக்கா, அந்த வண்டியில் அப்பாவை ஏற்றியிருந்தால் சனி விடிய அண்ணையிடம் போயிருப்பார். நாலு மணி மட்டும் அண்ணை உயிரோடு இருந்தார். கணக்குப் பாடத்திலும், சாப்பாட்டு மேசையிலும், தேவாரம் சொல்லும்போதும் எனக்கு அந்தக் கூவல்தான் கேட்கிறது.

சனிக்கிழமை விடியத்தான் பிரித்தேன். 'சண்முகநாதன் சுகமில்லை' என்ற இரண்டு சொல்லைக் கண்டதும் எனக்கு இங்கிலீசு மறந்துபோயிற்று. அப்பாவிடம் ஓடி, "இப்பதான் வந்தது" என்றேன். அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

பிறகு மார்க்கண்டு அண்ணையை வீட்டுக்குக் கூப்பிட்டு அப்பா கேட்டாரே, நீங்களும் நின்றீர்களே. "சின்னப் பிள்ளையின்ரை கையிலைதானே குடுத்தனான்" என்று அவர் என்னைப் பார்த்தார். "நீ வாங்கினனியோ?" என்று அப்பா கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பிள்ளை மறந்திருக்கும்" என்றார். இப்போது அவரை வேலையிலிருந்து நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மனுவை எழுதினதும் என் கைதான். வின்சன்ற் அண்ணை அனுப்பிய கடுதாசி வேறு என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அவருடைய வேலை முற்றாகப் போய்விடும்.

நான் என்ன செய்ய வேண்டும்? உங்களுக்காகத்தான் செய்தேன் என்று எழுதி அழித்தேன். நீங்கள் கேட்கவில்லையே.

மீனா


காங்கேசன்துறை,
5-10-1936

என் மீனாவுக்கு,

அம்மா எழும்பி நடமாடுகிறார். அப்பா கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். நீ சாப்பிடாமல் இருக்காதே.

உன் கடிதத்தில் எனக்குத் தெரியாதது மார்க்கண்டு வெயிலில் நின்றது மட்டுந்தான்.

புதன்கிழமை காலை, சுரம் எழுதிய கடுதாசி ஒற்றை ஒன்றைக் காணவில்லை. நீ எடுத்துப் பார்த்துவிட்டு எங்காவது வைத்திருப்பாய் என்று உன் புத்தகங்களைத் தட்டினேன். அகராதிக்குள் தந்தி இருந்தது. பிரிக்காமல் இருந்தது. பிரிக்காததைக் கண்டதும் உன் எண்ணம் முழுவதும் எனக்கு விளங்கிற்று. நானும் பெரியப்பா என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே பக்கத்தில், நீ கண்டுபிடிக்காதபடி, விளிம்பு வெளியே தெரியாமல் வைத்து மூடினேன். மேலே போய்ப் பாட்டுச் சாதகத்தைத் தொடர்ந்தேன்.

நீ எனக்காகச் செய்தாய். நான் எனக்காகச் செய்தேன். உனக்குப் பதினாலு வயது. எனக்கு இருபது. அந்த மேடையில் எனக்கு எவ்வளவு ஆசையிருந்தது என்று உனக்குத் தெரியாது. கைதட்டு இனித்தது, மீனா. அண்ணை வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த நேரத்தில் எனக்கு இனித்தது.

மார்க்கண்டு உன்னைக் காட்டியபோது நானும் வாய் திறக்கவில்லை. அதனால் சனிக்கிழமை காலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மீனா வாங்கினது உண்மை, அவளை வெருட்டித் தந்தியைப் பறித்து ஒளித்தது நான், மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கினதும் நான் என்று. அப்பா நின்றபடி கேட்டார். சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு தபால்கந்தோருக்குப் போனார். மனுவைத் திருப்பி எடுத்துவிட்டார். மார்க்கண்டுவின் வீட்டுக்குப் போய், மனுசியும் பிள்ளைகளும் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இன்றிலிருந்து அவருக்கு வேலை.

நீ வேறொன்றும் சொல்லக் கூடாது. அப்பா உன் படிப்பை நிற்பாட்டிவிடுவார். எங்கள் இருவரில் ஒருவருக்காவது ஏதாவது மிஞ்சட்டும்.

அப்பா என்னை ஏசவில்லை. அடிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அம்மாவிடம், "தண்ணி வைக்கச் சொல்லு" என்கிறார். நான் அங்கேதான் செம்போடு நிற்கிறேன். தம்புராவைக் கனகலிங்கம் மாமா வந்து எடுத்துக்கொண்டு போனார். நான்தான் வரச் சொன்னேன்.

வின்சன்றின் கடுதாசியைக் கிழித்துவிடு.

அக்கா
பராசக்தி


சிவமயம்
உடுவில்,
8-10-1936

அன்புள்ள அப்பாவுக்கு,

மீனாம்பிகை எழுதுவது. வழக்கம்போல உங்கள் சுகம் கேட்க எனக்குத் துணிவில்லை.

அக்கா உங்களிடம் சொன்னது பொய். தந்தியை வாங்கினதும் நான், அகராதிக்குள் ஒளித்ததும் நான், சனிக்கிழமை இப்பதான் வந்தது என்று சொன்னதும் நான். அக்கா என்னை வெருட்டவில்லை. தந்தி என்று ஒன்று வந்ததே அவளுக்குத் தெரியாது. மேடையிலிருந்து இறங்கும் வரைக்கும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் அவளுக்கு எழுதின பிறகுதான் தெரியும். என்னைக் காப்பாற்றத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

வின்சன்ற் அண்ணை அனுப்பிய கடுதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் நேரமும் திகதியும் இருக்கின்றன. கந்தோரில் கேட்டால் கையெழுத்தைக் காட்டுவார்கள். அது என் எழுத்துத்தான், உங்களுக்குத் தெரியும். வின்சன்ற் அண்ணைக்கும் இன்று எழுதுகிறேன்.

பெரியப்பா என்று நினைத்துத்தான் செய்தேன் அப்பா. அதைச் சொல்லித் தப்புவதற்காக எழுதவில்லை. நடந்தது அது.

வெள்ளி பின்னேர ரெயிலில் வருகிறேன். ஸ்ரேசனுக்கு ஒருவரும் வரவேண்டாம். முதலில் மார்க்கண்டு அண்ணை வீட்டுக்குப் போய்விட்டு வருவேன். பள்ளிக்கூடத்தை நிற்பாட்டுவதென்றால் நிற்பாட்டுங்கள். பெட்டியைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

நான் வருவதற்கு முன், இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, ஒன்று மட்டும் செய்யுங்கள். சாப்பிட உட்காரும்போது தண்ணீரை அக்காவிடமே கேளுங்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மீனாம்பிகை